36 அரக்கப் பிராணிகளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும்: ஒட்டுப்போட்டால் சொதப்புகிறது, என்ன வழி?

பனங்கிழங்கு:

வணக்கம். பக்கவாட்டில் ஓடும் சண்டை கேம் ஒன்று தயாராகிறது, முழுக்கத் தமிழில். சதுப்பு, மலைக்குகை, இடிந்த கோயில் என மூன்று நிலம். நிலத்துக்கு நான்கு பிராணி, ஒவ்வொன்றுக்கும் குட்டி, வளர்ந்தது, தலைமை என மூன்று தரம். ஆக 36 பெயர்.

இதுவரை வைத்தவை: நெருப்பாசுரன், பனியாசுரன், டிராக்கோன், கருப்புதேள், முள்தலையன், இருள்தின்னி, விஷப்பல்லிமனிதன். படிக்கும்போதே டப்பிங் கார்ட்டூன் வாடை அடிக்கிறது. முன்னொட்டு 8, பெயர் 20 கொடுத்து நிரலே சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் "கருதேள்", "செம்நாய்" என்று துப்புகிறது. இன்னொன்று, திரையில் "நீ பூதம்ஐ கொன்றாய்" என்று வருகிறது. அதை எப்படிச் சரிசெய்வது? சங்க இலக்கியத்திலிருந்து எடுக்கலாமா, புதிதாகவே செய்ய வேண்டுமா என்பதிலும் குழப்பம்.

ஒற்றுப்பிழை:

முதலில் அந்த -ஆசுரனை விடுங்கள். மகிஷாசுரன், தாரகாசுரன் எல்லாம் வடசொல்லோடு வடசொல் சேர்ந்தவை. நெருப்போடும் பனியோடும் ஒட்டினால் ஒட்டு தெரிகிறது. அதைவிடப் பெரிய குறை, அந்தப் பெயர் பிராணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நெருப்பைக் கக்குமா, தின்னுமா, நெருப்பில் படுத்துத் தூங்குமா?

ஊரில் உயிரினங்களுக்குப் பெயர் வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். மரங்கொத்தி, ஆள்காட்டி, பஞ்சுருட்டான், கண்கொத்திப் பாம்பு, கொம்பேறிமூக்கன். எல்லாவற்றிலும் ஒரு செயல் இருக்கிறது. வாத்தைப் போல, பாம்பைப் போல என்ற ஒப்பீடு இல்லை. உங்கள் அனிமேஷன் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பிராணியும் ஆட்டக்காரனை என்ன செய்கிறது என்று ஒரே வினையில் எழுதுங்கள்: கவ்வும், விழுங்கும், தொடரும், உறிஞ்சும், புதைந்து கிடக்கும். பெயரில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி வினைத்தொகை. சுடுமண், கொல்களிறு, அலைகடல் போல வினையடியோடு பெயரை நேராகச் சேர்ப்பது. தொடர்நிழல், கவ்வுகை, விழுங்குமடு, உறிஞ்சுவாய். தொடர்ந்த நிழல், தொடர்கிற நிழல், தொடரும் நிழல் மூன்றும் அதற்குள் அடக்கம். அதனால்தான் பயம் கூடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. "கவ்வுக்கை" என்று க் போட்டால் ஏதோ இடுக்கி மாதிரி ஆகிவிடும். புதைகண் சரி, புதைக்கண் தவறு. அந்தப் புதைகண் கண்ணையும் குறிக்கவில்லை, அந்தக் கண்ணை உடைய பிராணியைக் குறிக்கிறது. உறுப்பைச் சொல்லி உடம்பை மறைக்கும் இந்த உத்தி சதுப்புக்கு ரொம்பப் பொருந்தும்.

இனி உங்கள் முன்னொட்டுச் சிக்கல். "கரு" என்று ஒரே வடிவத்தைச் சேமித்து வைத்தால் நிரல் சொதப்பத்தான் செய்யும். அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து அது மாறும். க வந்தால் கருங்குரங்கு, ச வந்தால் கருஞ்சிறுத்தை, த வந்தால் கருந்தேள், ப வந்தால் கரும்பன்றி. ந, ம, வ வந்தால் ஒன்றும் சேராது: கருநாகம், கருமூக்கன், கருவாய். உயிரெழுத்து வந்தால் ஆளே மாறி கார் ஆகிவிடும்: காரெலி. இதே அட்டவணையைச் "செம்"முக்கும் போட்டால் உதை வாங்குவீர்கள். அங்கே ந வந்தால் செந்நாய், ம வந்தால் செம்மண், வ வந்தால் செவ்வாய், உயிர் வந்தால் செவ்வலகு. ஆகவே முன்னொட்டுக்கு முன்னொட்டு தனி வரிசை வேண்டும். ஒன்றுக்கு எட்டுக் கட்டம் (க, ச, த, ப, ந, ம, வ, உயிர்). பெரு, நெடு, சிறு மூன்றும் உயிருக்கு முன் பேர், நெட்டு, சிற்று என்றாகும். எட்டு முன்னொட்டுக்கு 64 கட்டம், கையால் நிரப்ப ஒரு மாலை போதும். விதி எழுதி நிரலை நம்பாதீர்கள்.

அடுத்து, ல், ள் இரண்டில் முடியும் சொற்களுக்குப் பின்னால் த-வில் தொடங்கும் சொல்லை வைக்கவே வைக்காதீர்கள். முள் + தலை இலக்கணப்படி முட்டலை. முள்தலையன் முட்டலையன் ஆனால் கேட்பவர் காதில் முட்டைதான் விழும். இருள் + தின்னி, இருட்டின்னி. கல் + தலை, கற்றலை. அது மீன் பெயர். புணர்த்தினால் சிரிப்பு, புணர்த்தாமல் விட்டால் ஒட்டுப்போட்ட தையல் மாதிரி இருக்கும். வ-வில் தொடங்கினால் தொல்லையே இல்லை: முள்வால், கல்வாய். உயிரில் தொடங்கினால் இன்னும் அழகு. கல் + உண்ணி, கல்லுண்ணி. ஆனால் இருள் + உண்ணி, இருளுண்ணி, இரட்டிக்காது. "தனிக்குறில் முன்னொற்று உயிர்வரின் இரட்டும்" என்ற பள்ளிக்கூடச் சூத்திரம்தான். கல் தனிக்குறில், இருள் அப்படியில்லை. உண்ணி என்றால் மாட்டின் மேல் ஒட்டி இரத்தம் குடிக்கும் பூச்சி என்பதும் கூடவே நினைவுக்கு வரும். அந்த அருவருப்பு இலவசம்.

கோடோக்காரன்:

"பூதம்ஐ" விஷயம். பெயரோடு உருபை நிரலில் ஒட்டவே கூடாது. ஒவ்வொரு பிராணிக்கும் ஐந்து வடிவத்தைத் தரவுக் கோப்பில் எழுதி வையுங்கள்: பூதம், பூதத்தை, பூதத்துக்கு, பூதத்தின், பூதங்கள். 36 வரி, ஐந்து பத்தி, 180 சொல். சுருக்க நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் ஒரே மாதிரி முடியும் சொற்கள்கூட ஒரே மாதிரி நடப்பதில்லை. எலும்புக்கூடு எலும்புக்கூட்டை ஆகும். மேலே ஒற்றுப்பிழை சொன்ன விழுங்குமடுவும் டு-வில்தான் முடிகிறது, ஆனால் மடு மட்டை ஆகாது, மடுவை. புதைகண் புதைகண்ணை, உறிஞ்சுவாய் உறிஞ்சுவாயை.

அதற்குப் பிறகும் ஓர் ஒற்று காத்திருக்கிறது. இரண்டாம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும்: "பூதத்தைக் கொன்றாய்". எல்லாச் சொற்றொடரிலும் க், ச், த், ப் தேடிக்கொண்டிருக்காமல் வினையை மாற்றிவிடுங்கள். "பூதத்தை வீழ்த்தினாய்", "பூதத்தை வென்றாய்". வ-வில் தொடங்கும் வினைக்கு ஒற்றே வேண்டாம். இடம் குறைந்த இடத்தில் "வீழ்ந்தது: பூதம்" என்று எழுவாயாகவே நிறுத்திவிடலாம்.

தரவுக் கோப்பில் இன்னொரு பத்தியும் போடுங்கள்: திணையும் பாலும். அது, அவன், அவள் எதுவென்று. -அன் என்று முடிந்தாலே ஆண்பால் என்று நிரலிடம் சொல்லாதீர்கள். "கட்டுவிரியன் கடித்தது" என்றுதான் பேசுகிறோம், கடித்தான் என்று இல்லை. கதைக்கும் இது ஒரு கருவி. முதல் இரண்டு சண்டையில் "வந்தது" என்று எழுதிவிட்டு மூன்றாவதில் "வந்தாள்" என்று மாற்றினால், ஒரு வசனமும் இல்லாமல் ஆட்டக்காரனுக்கு உறைக்கும்.

பெயரின் நீளம்: எழுத்தெண்ணிக்கைக்கும் கணினி எண்ணுவதற்கும் சம்பந்தமில்லை. எலும்புக்கூடு நமக்கு ஏழெழுத்து, யூனிகோடில் 13 குறி. பெயர்க் கட்டத்துக்கு 12 என்று வரம்பு வைத்தால் கடைசி உகரக் குறி வெட்டுப்பட்டு "எலும்புக்கூட" என்று நிற்கும். வரம்பைத் திரையில் பிடிக்கும் அகலத்தை வைத்துப் போடுங்கள். கொ, கோ, கௌ மூன்றையும் ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம்; பார்வைக்கு ஒன்று, தேடும்போது கிடைக்காது. கோப்பை ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். கோடோ 4 என்ற கேம் எஞ்சினில் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து அடுக்கும் ஹார்ஃப்பஸ் இருப்பதால் எழுத்துரு மட்டும் சரியாக இருந்தால் போதும். வேறு எஞ்சின் என்றால் பெயர் வைக்கும் முன்பே "பேய்", "கொம்பு", "கூரெலி" மூன்றையும் திரையில் எழுதிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பெயரில் எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசையே தவிர்க்க வேண்டிய கொடுமை வரும்.

வெருகு:

36 பெயர் எதற்கு? 12 போதும். தரத்தைக் காட்ட நம்மிடம் தயார்ச் சொற்கள் உண்டு. தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர் என்று ஒன்பது தருகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எதற்கு எது என்றும் அதுவே சொல்கிறது. பறப்பவைக்கும் தவழ்பவைக்கும் பார்ப்பு, பிள்ளை. நாய், பன்றி, புலி, முயலுக்குக் குருளை. ஆண்பாலில் உங்களுக்கு வேண்டியது ஏற்றை: ஆற்றல் பொருந்திய ஆண் எதுவானாலும் ஏற்றை என்னலாம் என்று சூத்திரமே இருக்கிறது. தலைமைப் பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு இல்லை.

ஆக யாளி என்று ஒரே பெயர், தரத்துக்கு யாளிக்குருளை, யாளி, யாளியேற்றை. பெண் தலைமை என்றால் யாளிப்பிணவு. பிணவு பன்றிக்கும் புல்வாய் என்ற மானுக்கும் நாய்க்கும் சொன்னது, யாளிக்கு வைப்பது மீறல்தான். இல்லாத விலங்குக்கு யார் வழக்குப் போடப்போகிறார்கள்? சதுப்புப் பிராணிக்குப் போத்து என்ற ஆண்பால் பெயர் எடுபடும். நீர்வாழ் சாதிக்கும் அது உரியது. முதலைப் போத்து ஐங்குறுநூற்றிலேயே மீன் தின்கிறது.

பழைய பெயர்களில் கேமுக்கென்றே செய்தது மாதிரி இருப்பது அசுணம். யாழிசைக்கு மயங்கிக் கிடக்கும், பறை ஒலி கேட்டால் உயிர் விடும் என்பது அதைப் பற்றிய மரபு. அகநானூறு 88-இல் வண்டின் ரீங்காரத்தை யாழ் என்று நினைத்து மலைப்பிளவில் காது கொடுத்து நிற்கிறது. பெயரோடு சண்டை விதியும் சேர்ந்து கிடைக்கிறது. அகநானூறு 12-இல் வரும் இருதலைப்புள்ளுக்கு இரண்டு தலை, ஓர் உயிர். உயிர்ப்பட்டையை இரண்டு தலைக்கும் பொதுவாக வையுங்கள்.

பேய்களுக்குப் பெயர் வைப்பதில் கலிங்கத்துப் பரணிதான் பாடப்புத்தகம். கூழ் சமைக்கப் பேய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் இடத்தில் கூரெயிறீ, குதிர்வயிறீ என்று அழைப்புகள் வருகின்றன. எயிறு பல். குதிர், நெல் கொட்டி வைக்கும் மண் கொள்கலம். வீட்டு மூலையில் நின்ற பொருளை எடுத்து வயிற்றில் வைத்துவிட்டார் புலவர். "பெருவயிறி" என்றிருந்தால் இந்த உருவம் வராது. உங்கள் கோயில் நிலத்துக்கு இதே வழியில் உரல், திருகை, அகல், நந்தாவிளக்கு, தேர்வடம் எல்லாம் காத்துக்கிடக்கின்றன.

சிற்பிகளின் வழி இன்னும் எளிது. சிம்ம யாளி, கஜ யாளி, மகர யாளி. உடம்பு ஒன்று, தலைக்கு ஒரு பெயர். ஒரே உடல் வரைபடத்துக்குத் தலையை மட்டும் மாற்றுவீர்கள் என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுச்சாமம்:

வெருகு சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. அகராதியைத் திறந்து அள்ளிக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது. கழுது என்றால் பேய். ஆட்டக்காரன் கழுதை என்று படிப்பான். கூளி என்றாலும் பேய். ள-வும் ல-வும் ஒன்றாகவே ஒலிக்கும் வாயில் அது கூலி. அலகை குறளிலேயே இருக்கிறது (850), இருந்தும் இன்று அலகுதான் நினைவுக்கு வரும். அசுணம் யாருக்கும் தெரியாது, ஆனால் வேறெதுவாகவும் கேட்காது. அதனால் அது பிழைக்கும். அறியாத சொல்லால் கேடில்லை, தப்பாக அறிந்த சொல்லால்தான் கேடு.

பட்டியல் முடிந்ததும் ஒரு சோதனை. எல்லாப் பெயரையும் ழ, ள, ல மூன்றும் ஒன்றாக, ற-வும் ர-வும் ஒன்றாக, ண-வும் ன-வும் ஒன்றாக வாசியுங்கள். ஒரே கேமில் இரண்டு பெயர் மோதினால் ஒன்றைத் தூக்குங்கள். ஒரே நிலத்தில் இரண்டு பெயர் ஒரே எழுத்தில் தொடங்கக் கூடாது. சண்டை நடக்கும்போது யாரும் முழுப் பெயரைப் படிப்பதில்லை, முதல் எழுத்தும் சொல்லின் உருவமும்தான் கண்ணில் படும்.

ஒலி பற்றி யாரும் சொல்லவில்லை. 2001-இல் மூளை ஆய்வாளர்கள் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் கூரான வடிவம் ஒன்று, குமிழான வடிவம் ஒன்று காட்டி, எது கிக்கி, எது பூபா என்று கேட்டார்கள். அமெரிக்க மாணவர்களும் தமிழ் பேசுவோரும் ஏறத்தாழ எல்லாரும் கூரானதையே கிக்கி என்றார்கள். ஆனால் தமிழில் வன்மை தானாக வராது. தனியாக இடையில் நிற்கும் க மெலிந்துவிடும்; வகை என்பதில் க-வுக்குப் பல்லே இல்லை. இரட்டித்தால்தான் கடிக்கும்: க்க, ட்ட, ற்ற. கூரான பிராணிக்கு அவை. வழுவழுப்பான சதுப்புப் பிராணிக்கு ழ, ள, வ, ய. விழுங்குமடு நன்றாக இருப்பதற்கு அந்த ழு-வும் ஒரு காரணம்.

டிராக்கோன் மாதிரிப் பெயர்களை ஒரேயடியாகத் தூக்கவும் வேண்டாம். தமிழ்ச் சொல் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன-வில் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் என்று முடியாது. வேற்றுலகப் பிராணி ஒன்றே ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் இந்த விதியை வேண்டுமென்றே உடையுங்கள். ழாக், றுண்டப். இது இந்த மண்ணுடையது இல்லை என்று பார்த்தவுடன் தெரியும். நான்கைந்து பிராணிக்கு இதைச் செய்தால் விளைவு போச்சு. புதுச்சொல் என்றால் ஒலிப்புக் குழப்பமும் உண்டு: பகோடன் என்று எழுதினால் முதல் ப வன்மையா மென்மையா என்று ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். மென்மையான ஒலி வேண்டுமானால் அதை மெல்லினத்துக்குப் பின்னால் வையுங்கள்; ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப ஐந்தையும் எல்லாரும் ஒரே மாதிரிதான் படிப்பார்கள்.

தேரடி:

சின்னக் குறிப்பு. காட்டேரி, இசக்கி, முனி, சுடலை இவையெல்லாம் கும்பிடும் பெயர்கள். காட்டேரியம்மனுக்குக் கரீபியன் தீவுகளில்கூடப் பூசை உண்டு. வெட்டிச் சாய்க்கும் பிராணிக்கு வைத்தால் வம்பு, கதைக்கும் ஒன்றும் கூடாது. கூனன், முடவன் வகையும் வேண்டாம்; மனிதனின் உடல்குறையை அரக்கனுக்குப் பெயராக்குவது பழைய சோம்பேறித்தனம்.

பயத்தைக் கூட்ட இன்னொரு வழி, பெயரைச் சொல்லாமலே விடுவது. நாகத்தை நல்லபாம்பு என்கிறோம், பேயைக் காத்து கருப்பு என்கிறோம். கேமில் வரும் ஊர்க்காரர்கள் தலைமைப் பிராணியை "நல்லது", "அந்தப் பக்கத்தது" என்றே பேசட்டும். உண்மைப் பெயர் திரையில் முதல் தடவை வருவது சண்டை தொடங்கும்போது.

பனங்கிழங்கு:

எல்லாருக்கும் நன்றி. 12-ஆகக் குறைத்துவிட்டேன். சதுப்பு: விழுங்குமடு, கவ்வுகை, பேரலகு, புதைகண். குகை: கல்லுண்ணி, குரலுறிஞ்சி, அசுணம், நெடும்அலகன். கோயில்: யாளி, தொடர்நிழல், சுடர்விழுங்கி, திருகைவாய். குகையில் அசுணத்தைக் கொல்ல ஒரு பறை ஒளித்து வைக்கிறோம். ஒரே சந்தேகம்: விழுங்குமடுவுக்கும் தொடர்நிழலுக்கும் குருளை, ஏற்றை எப்படி ஒட்டும்? மடு குட்டி போடாதே.

ஒற்றுப்பிழை:

ஒட்டாது, விடுங்கள். அந்த இரண்டுக்கும் அளவை நடுவில் செருகுங்கள். குறளில் "உருள்பெருந்தேர்" (667) இருக்கிறதல்லவா, அதே அச்சு: தொடர்சிறுநிழல், தொடர்நிழல், தொடர்பெருநிழல். விழுங்குபெருமடு. இங்கேயும் ஒற்று மிகாது. "தொடர்ப்பெருநிழல்" என்று யாராவது திருத்த வந்தால் விடாதீர்கள்.

நெடும்அலகன் நெட்டலகன் ஆக வேண்டும். ஆனால் சதுப்பில் ஏற்கெனவே பேரலகு நிற்கிறது. அலகு இரண்டு இடத்தில் வந்தால் ஒன்று மற்றதன் தரம் என்று நினைத்துக்கொள்வார்கள். நெடுநகன் என்று வையுங்கள். நெடுவுக்குப் பின் ந வந்தால் ஒற்றுத் தொல்லையும் கிடையாது. வரைகிறவரிடம் அலகைச் சுருக்கி நகத்தை நீட்டச் சொல்லிவிடுங்கள்.